ஏழரை ஆண்டு மிச்சம்

எலிவேட்டர் என்றதும் நமக்கு லிஃப்ட்தான் ஞாபகம் வரும். அமெரிக்காவின் கோதுமை வட்டாரங்களில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். வண்டியில் வரும் தானியத்தை மேலே ஏற்றி, உயரமான கூண்டுகளில் கொட்டிவைத்து, பிறகு ரயில் பெட்டிகளில் இறக்கிவிடும் கிடங்கு அது. அதற்குத் தண்டவாளம் பக்கத்தில் இருக்கவேண்டும். தண்டவாளத்தை ஒட்டிய நிலமோ பெரும்பாலும் ரயில் கம்பெனியுடையதாக இருக்கும்.

வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்நேக் ஆற்றை ஒட்டிய பகுதியில் அப்படி ஒரு கிடங்கு இருந்தது. நடத்தியது அல்மோட்டா ஃபார்மர்ஸ் எலிவேட்டர் அண்ட் வேர்ஹவுஸ் கம்பெனி. நிலம் ஆரிகன்-வாஷிங்டன் ரயில் கம்பெனியுடையது. 1919இல் குத்தகைக்கு எடுத்தார்கள். காலம் முடிந்ததும் புதுப்பித்தார்கள். அதுவும் முடிந்தது, மறுபடி புதுப்பித்தார்கள். இடையில் அந்த அடுத்தவன் மண்ணில் பெரிய பெரிய கட்டடங்களை எழுப்பினார்கள். யாரும் தடுக்கவில்லை. ஏன் தடுக்கப்போகிறார்கள்? கிடங்கு இருந்தால் ரயிலுக்குச் சரக்கு, ரயில் இருந்தால் கிடங்குக்குப் பிழைப்பு.

ஸ்நேக் ஆற்றில் மத்திய அரசு அடுத்தடுத்து அணைகள் கட்டிவந்த காலம் அது. 1967இல் அந்த ஆற்றுத் திட்டத்துக்காகக் கிடங்கு நின்ற இடத்தையும் அரசு எடுத்துக்கொண்டது. அன்றைக்குக் குத்தகையில் மிச்சம் இருந்தது 7½ ஆண்டு.

ஏழரை! நம்மூர் ஆளாக இருந்தால் சனியைக் கை காட்டியிருப்பார். அவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

*

அரசு நிலத்தை எடுத்தால் நியாயமான இழப்பீடு தரவேண்டும் என்கிறது அமெரிக்க அரசியல் சாசனத்தின் 5ஆவது திருத்தம். அதில் யாருக்கும் தகராறு இல்லை. எதற்கு இழப்பீடு என்பதில்தான் சிக்கல்.

அரசின் வாதம் எளிமையானது: ‘உன் கையில் இருக்கும் காகிதத்தில் 7½ ஆண்டு என்று இருக்கிறது. அதற்கான மதிப்பைத் தருகிறேன். அதற்குப் பிறகு ரயில் கம்பெனி புதுப்பித்திருக்கலாம், புதுப்பிக்காமலும் இருந்திருக்கலாம். அது உன் உரிமை இல்லை, உன் எதிர்பார்ப்பு.’

கம்பெனியின் வாதமும் எளிமையானதுதான்: ‘அணை என்ற பேச்சே இல்லை என்று வைத்துக்கொள். இந்தக் கிடங்கை நான் சந்தையில் விற்கப்போகிறேன். வாங்க வருகிறவன் 7½ ஆண்டு என்று கணக்கு முடித்துவிட்டா விலை சொல்வான்? 48 ஆண்டாகப் புதுப்பித்துவந்த குத்தகை இது. அதையும் சேர்த்துத்தானே சொல்வான்?’

ஒரு பேச்சுக்கு எண்களைப் போட்டுப் பார்ப்போம். கட்டடம் இன்னும் 30 ஆண்டு உழைக்கும். ஆண்டுக்கு 1 லட்ச ரூபாய் பலன். அரசின் கணக்குப்படி 7½ லட்சம், அதோடு பிரித்தெடுத்தால் தேறும் இரும்பு, மரத்தின் விலை. வாங்குபவரின் கணக்கு வேறு. மிச்ச 22½ ஆண்டும் கிடைக்க 80 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று அவர் நினைத்தால், அதற்கு 18 லட்சம் சேர்த்து மொத்தம் 25½ லட்சம். எதிர்காலத்தில் வரும் பணம் என்பதற்காக அதில் கொஞ்சம் கழிப்பார். ஆனால் 7½க்கு இறங்கமாட்டார். முழு 30ஐயும் தரமாட்டார். நிச்சயமில்லாத ஒன்றுக்கும் சந்தையில் விலை உண்டு. சந்தேகத்தையும் சேர்த்துத்தான் அந்த விலை.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அரசின் கணக்கை ஏற்றுக்கொண்டால், எட்டாவது ஆண்டு முதல் அந்தக் கட்டடத்துக்கு இருந்த பலனுக்கான பணம் யாருக்குப் போகும்? ரயில் கம்பெனிக்கு இல்லை, கட்டடம் அதனுடையது அல்ல. குத்தகைக்காரருக்கும் இல்லை. அது அப்படியே ஆவியாகிவிடும்.

*

அரசு ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்துப் பேசவில்லை. அதன் பக்கம் கனமான தீர்ப்புகள் இருந்தன.

1901இல் மாசசூசெட்ஸ் நீதிமன்றத்துக்கு இதே மாதிரி ஒரு வழக்கு வந்தது. பாஸ்டனில் பெரிய ரயில் முனையம் கட்ட நிலம் எடுத்தார்கள். அங்கிருந்த குத்தகைக்காரர்கள், எங்கள் குத்தகையை வழக்கமாகப் புதுப்பித்துத் தருவார்கள் என்றார்கள். தீர்ப்பு எழுதியவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். நில உரிமையாளரின் மனதில் இருந்த எண்ணம் உங்கள் குத்தகையின் மதிப்பை நடைமுறையில் கூட்டியிருக்கலாம். ஆனால் மாறக்கூடிய எண்ணம் நிலத்தில் உரிமை ஆகாது என்று முடித்துவிட்டார்.

1925இல் இன்னும் கடுமையான ஒன்று. மேரிலாந்தில் ராணுவச் சோதனைத் தளத்துக்காக நிலம் எடுத்தார்கள். அங்கே ஒரு குடும்பம் விசேஷ ரகச் சோளம் பயிரிட்டு டின்னில் அடைத்து விற்றுவந்தது. அந்த ரகத்துக்கு ஏற்ற நிலம் வேறெங்கும் கிடைக்காமல் தொழிலே நின்றுபோனது. நிலத்துக்குப் பணம் உண்டு, தொழிலுக்கு இல்லை என்றது உச்ச நீதிமன்றம். அரசு எடுத்தது நிலத்தைத்தான். தொழில் அழிந்தது அதன் பக்கவிளைவு, அவ்வளவுதான்.

அப்புறம் உலகப்போர். 1942இல் சால்ட் லேக் சிட்டியில் ஒரு கட்டடத்தை அரசு எடுத்துக்கொண்டு வாடகைதாரர்களை வெளியேற்றியது. வழக்கு 1946இல் முடிந்தது. ஒப்பந்தத்தில் புதுப்பிக்கும் உரிமை எழுதியிருந்தால் அதற்கு மதிப்பு உண்டு; புதுப்பிப்பார்கள் என்ற வெறும் எதிர்பார்ப்புக்குக் கிடையாது. அல்மோட்டா வழக்கில் அரசு கெட்டியாகப் பிடித்துக்கொண்டது இந்தத் தீர்ப்பைத்தான்.

மாவட்ட நீதிமன்றத்தில் கம்பெனி ஜெயித்தது. மேல்முறையீட்டில் தோற்றது. கடைசியில் உச்ச நீதிமன்றம்.

*

1973 ஜனவரி 16. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் கம்பெனி ஜெயித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட். சந்தையில் மனமுவந்து வாங்குபவர் என்ன கொடுப்பாரோ அதுதான் இழப்பீடு. அப்படி வாங்குபவர் குத்தகை நீளும் வாய்ப்பைக் கணக்கில் எடுப்பார் என்றால் அரசும் எடுக்கவேண்டும். ரயில் கம்பெனி புதுப்பிக்காமல் போகும் ஆபத்து அந்த விலையிலேயே அடங்கியிருக்கிறது. நியாயமான இழப்பீடு என்பதன் பொருளைச் சொத்துச் சட்டத்தின் நுணுக்கங்களிலிருந்து மட்டும் எடுக்க முடியாது, பொதுவான நியாய உணர்விலிருந்தும் எடுக்கவேண்டும் என்றார். 1946 தீர்ப்பை அவர் தள்ளுபடி செய்யவில்லை. இங்கே பேசுவது குத்தகைக்காரர் தன் காசில் கட்டிய கட்டடங்களைப் பற்றி என்று பிரித்துக்காட்டினார்.

நீதிபதி ரென்க்விஸ்ட் தலைமையில் நான்கு பேர் மறுத்தார்கள். வாங்குபவர் எதிர்பார்ப்புக்கும் காசு கொடுப்பார் என்பது உண்மைதான். அதற்காக அந்த எதிர்பார்ப்பு சொத்து ஆகிவிடுமா? அது சட்டப்படி உரிமையே இல்லாதபோது அரசு ஏன் அதற்குப் பணம் தரவேண்டும்?

கதை இங்கே முடிந்திருந்தால் சுபம் போட்டுவிடலாம். ஆனால் அதே நாளில் அதே நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பையும் சொன்னது. அரிசோனாவில் ஒரு மாட்டுப் பண்ணை. சொந்த நிலம் 1,280 ஏக்கர். மாநில அரசின் குத்தகை நிலம் 12,027 ஏக்கர். இவை போக மத்திய அரசின் மேய்ச்சல் நிலம் 31,461 ஏக்கர், 1934ஆம் ஆண்டின் மேய்ச்சல் சட்டத்தின் கீழ் அனுமதி பெற்றது. அவர்களுடைய சொந்த நிலத்தில் 920 ஏக்கரை அரசு எடுத்தது. பக்கத்து மேய்ச்சல் அனுமதியோடு சேர்ந்துதான் எங்கள் நிலத்துக்கு மதிப்பு, சந்தையில் அப்படித்தான் விற்கும் என்றார்கள். உண்மைதான், அப்படித்தான் விற்கும். ஆனாலும் தோற்றார்கள். அதுவும் ஐந்துக்கு நான்கு. இந்தத் தீர்ப்பை எழுதியவர் ரென்க்விஸ்ட். அரசு எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யக்கூடிய அனுமதியால் கூடிய மதிப்புக்கு அரசே பணம் தரவேண்டியதில்லை என்றார்.

இரண்டு தீர்ப்பிலும் எட்டு நீதிபதிகள் அவரவர் பக்கத்திலேயே நின்றார்கள். பக்கம் மாறியவர் ஒரே ஒருவர்: ஸ்டூவர்ட். கிடங்குக்காரரின் நம்பிக்கைக்கு விலை உண்டு என்று எழுதிய அதே கை, மாட்டுக்காரரின் நம்பிக்கைக்கு விலை இல்லை என்ற தீர்ப்பிலும் சேர்ந்துகொண்டது.

இது முரண்பாடா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. கிடங்குக்காரர் நம்பியது ரயில் கம்பெனியை. மாட்டுக்காரர் நம்பியது அரசை. மூன்றாம் ஆளை நம்பியதற்கு அரசு விலை தரும். தன்னை நம்பியதற்குத் தராது. சட்டமாகப் பார்த்தால் தர்க்கம் இருக்கிறது. மனிதராகப் பார்த்தால் கொஞ்சம் கசக்கிறது.

*

இப்போது இந்தப் பக்கம் வருவோம், 1921 சென்னைக்கு. அடுத்தவர் மனையில் தன் காசில் கட்டிக்கொண்டு, மனைக்கு மட்டும் வாடகை கொடுக்கும் பழக்கம் இந்த நகரத்தில் பரவலாக இருந்தது. அல்மோட்டாவின் அதே ஏற்பாடு. மனையின் விலை ஏறினால் உரிமையாளர் காலி பண்ணச் சொல்வார். அப்போது வந்ததுதான் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம். அதன் முகவுரையே காரணத்தைச் சொல்கிறது: நியாயமான வாடகை கொடுக்கும்வரை வெளியேற்றமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் பிறர் நிலத்தில் கட்டியவர்களுக்குப் பாதுகாப்பு தேவை. வெளியேற்றினால் கட்டடத்துக்கு உரிமையாளர் ஈடு தரவேண்டும். அந்த மனையைத் தனக்கே விற்கச் சொல்லி வாடகைதாரர் நீதிமன்றத்தைக் கேட்கவும் வழி வைத்தார்கள். ஹோம்ஸ் ஒதுக்கித் தள்ளிய அதே நம்பிக்கை, 20 ஆண்டில் இங்கே சட்டத்தின் முதல் வாக்கியத்திலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. ஆனால் அது நில உரிமையாளருக்கு எதிரான பாதுகாப்பு. அரசு நிலம் எடுக்கும்போது 1894ஆம் ஆண்டுச் சட்டம்தான். அதில் மொத்தத் தொகையை அரசு முடிவு செய்யும். உனக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு என்று உரிமையாளரும் குத்தகைக்காரரும் நீதிமன்றத்தில் மோதிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டம், நிலமே இல்லாதவர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பங்களாகச் சேர்த்தது. எந்த வகைக் குத்தகையாக இருந்தாலும் சரி, நிலம் எடுப்பதற்கு முன் 3 ஆண்டு அங்கே இருந்து அதுவே முக்கியப் பிழைப்பாக இருந்திருக்க வேண்டும். அவர்களுக்கு நிலத்தின் விலை கிடைக்காது. மறுவாழ்வுக்கான உதவி உண்டு.

அந்த 3 ஆண்டு என்ற நிபந்தனையை யோசித்துப் பாருங்கள். உன் ஒப்பந்தத்தில் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம் என்று அது கேட்கவில்லை. எத்தனை ஆண்டாக இங்கே இருக்கிறாய் என்று கேட்கிறது. 1973இல் ஸ்டூவர்ட் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான். முன்னால் இருக்கும் 7½ ஆண்டை மட்டும் பார்த்தால் அந்தக் கிடங்கின் விலை தெரியாது. பின்னால் இருக்கும் 48 ஆண்டையும் திரும்பிப் பார்க்கவேண்டும்.

எவ்வளவு நாள் நீடிக்கும் என்று தெரியாத குத்தகைக்கு இதைவிட நல்ல அளவுகோல் இன்னும் யாருக்கும் கிடைக்கவில்லை. இரண்டு மூன்று தலைமுறையாக வாடகைக் கடையில் உட்கார்ந்திருக்கும் எந்த வியாபாரியைக் கேட்டாலும், அவரும் இதைத்தான் சொல்வார். அவர் கையில் இருக்கும் காகிதத்தில் 11 மாதம் என்று எழுதியிருக்கும்.