குனிந்த தலையும் தீட்டிய பென்சிலும்

புகைப்படம் பற்றி நம்மிடையே எழுதப்படுவதெல்லாம் பெரும்பாலும் கண்ணைப் பற்றியதாகவே இருக்கிறது. பார்ப்பவன், பார்க்கப்படுபவன், இருவருக்கும் நடுவே அதிகாரம். சூசன் சோண்டாக்கின் 1977ஆம் ஆண்டு நூலிலிருந்து நம்மவர்கள் விரும்பி எடுத்தாள்வது, காமிராவைத் துப்பாக்கியோடு சேர்த்து வைத்துப் பேசுகிற இடத்தை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ஷூட்’ என்ற ஒரே வினைச்சொல்தான். ஒப்புமை அங்கே தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. தமிழில் யாரும் படத்தைச் சுடுவதில்லை. எடுக்கிறோம், பிடிக்கிறோம். (‘பிடிப்பது’ மட்டும் என்ன சாதுவான சொல்லா என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான்.) என் தகராறு வேறு. துப்பாக்கியைக் கண்ணுக்கு நேரே தூக்கியாக வேண்டும். நான் தொழில் பழகிய காமிராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிய வேண்டும்.

1986இல் கோவில்பட்டியில் ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். அங்கே இருந்தது யாஷிகா மேட் 124 ஜி. மேலொரு லென்ஸ், கீழொரு லென்ஸ். மேலே உள்ளது நாம் பார்க்க, கீழே உள்ளது பிலிம் பார்க்க. மூடியைத் திறந்தால் தேய்த்த கண்ணாடியில் உருவம் நேராக நிற்கும், ஆனால் இடம் வலமாக இருக்கும். ஆள் இடப்பக்கம் நகர்ந்தால் கண்ணாடிக்குள் வலப்பக்கம் போவான். அவனைத் துரத்திக்கொண்டு நான் காமிராவைத் தப்பான திசையில் திருப்புவேன். “கண்ணு சொல்றதக் கேக்காதல, கை பழகட்டும்” என்பார் அண்ணாச்சி. பழக ஒரு மாதம் ஆயிற்று.

அதைவிடச் சிரமம் பிலிம் மாட்டுவது. காலிச் சுருளைக் கீழிருந்து மேலே மாற்றி, புதுச் சுருளைக் கீழே வைத்து, காகித நுனியை மேல் சுருளின் பிளவில் செருகி, காகிதத்தில் இருக்கும் அம்புக்குறி உடம்பிலுள்ள குறிக்கு நேரே வரும்வரை சுற்றி, பின்மூடியைச் சாத்தி, கைப்பிடியை அது தானாக நிற்கும்வரை சுழற்ற வேண்டும். முதல் ரோலில் காகிதத்தை இழுத்துப் பிடிக்காமல் விட்டேன். சுருள் தளர்ந்து உப்பி, எடுத்து வெளியே வைத்ததும் ஓரமெல்லாம் வெளிச்சம் குடித்துவிட்டது. பன்னிரண்டு படமும் போச்சு. அண்ணாச்சி திட்டவில்லை. மறுநாள் வெறும் காகிதச் சுருளைக் கையில் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மாட்டச் சொன்னார். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டுதான் என்பது சிக்கனமாக மட்டுமல்ல, பொறுமையாகவும் உடம்பில் ஏறியது.

இந்த 120 பிலிமை 1901இல் கோடாக் தன்னுடைய 2ஆம் எண் பிரௌனிப் பெட்டிக் காமிராவுக்காகக் கொண்டுவந்தது. இன்றும் விற்கிறது. இரட்டை லென்ஸ் காமிராவை எல்லோருக்கும் பழக்கியது 1929இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரிலிருந்து வந்த ரோலிஃப்ளெக்ஸ். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரரான ஹோமாய் வியாரவாலா கையில் அதுதான் இருந்தது. போருக்குப் பின் ஜப்பான்காரர்கள் அதே அமைப்பில் விலை குறைந்தவற்றைச் செய்தார்கள். சிற்றூர் ஸ்டுடியோக்களுக்கு எட்டியது இவைதான். பிலிமுக்கு ஊட்டியில் அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. அந்தத் தொழிற்சாலையும் பிறகு மூடப்பட்டுவிட்டது.

குனிந்து பார்ப்பதில் ஒரு சங்கதி உண்டு. லென்ஸ் தொப்புள் உயரத்தில் இருப்பதால், நிற்பவர் நிமிர்ந்து, ஒரு பிடி கூடுதலாக வளர்ந்து தெரிவார். ஊருக்குள் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்க வைக்கப்பட்டவர்கள், ஆணியில் தொங்கும் ஸ்டுடியோ கோட்டை மாட்டிக்கொண்டு என் முன்னால் நிமிர்ந்து நின்றார்கள். தலை குனிந்தது நான். இதை வைத்து ஒரு ஜனநாயகக் கோட்பாடே எழுதிவிடலாம் என்று கொஞ்ச காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆனால் வேலை அங்கே முடியவில்லை, மேஜையில்தான் தொடங்கியது. 35 மி.மீ. நெகடிவ் 24க்கு 36. நம்முடையது 56க்கு 56, பரப்பில் மூன்றரை மடங்குக்கும் மேல். இதன் அருமை கூர்மைதான் என்று புத்தகங்கள் சொல்லும். ஸ்டுடியோவுக்கு அதன் அருமை, முகம் பென்சில் ஓடுமளவுக்குப் பெரிதாக இருந்தது. நெகடிவில் வார்னிஷ் தடவி, உப்புக்காகிதத்தில் ஊசிபோலத் தீட்டிய பென்சிலால் புள்ளி புள்ளியாக நிரப்பினால், பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். சுருக்கம் போகும், அம்மைத் தழும்பு போகும், கறுப்பும் போகும். பிளேடால் சுரண்டினால் மீசை அடர்ந்து வரும். அமெரிக்காவில் டயான் ஆர்பஸ் 1962 வாக்கில் 35 மி.மீ.யை விட்டுச் சதுர நெகடிவுக்கு வந்ததே தோலின் நுணுக்கம் மங்காமல் தெரிய வேண்டும் என்பதற்காக. அதே சதுரத்தை நாங்கள் தோலை அழிக்கப் பயன்படுத்தினோம். கல்யாணத்துக்குக் கொடுக்கும் பெண் படமென்றால் கேட்கவே வேண்டாம். நிமிர்ந்து நின்றவரைக் கறுப்பாக இருக்க விடாத அதிகாரம் கண்ணில் இல்லை, என் விரலில் இருந்தது. பார்வை பற்றிய நம் விவாதங்களில் இந்தப் பென்சில் ஏன் வருவதேயில்லை?

மூன்றாவது ரோலில் என் ஆச்சியை எடுத்திருந்தேன், திண்ணையில் வைத்து. ஆயுசெல்லாம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவள். 1988இல் அவள் இறந்ததும் மாலை போட ஒரு படம் வேண்டியிருந்தது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து பென்சில் போட்டேன். கன்னக்குழி நிரம்பியது, நெற்றி பளிச்சென்று ஆயிற்று. யாரோ வசதியான வீட்டு அம்மாள்.

வெகுகாலம் கழித்து, மேலே சொன்ன கோட்பாட்டையெல்லாம் படித்த பிறகு, குற்ற உணர்ச்சி தாளாமல் அந்த நெகடிவைத் தேடி எடுத்து, பஞ்சில் டர்பன்டைன் தொட்டுத் துடைத்தேன். பென்சில் அத்தனையும் கரைந்து வந்துவிட்டது. ஆச்சி அப்படியே இருந்தாள், சுருக்கமும் கறுப்பும் ஒட்டிய கன்னமுமாக. பெரிதாகப் பிரிண்ட் போட்டு அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அம்மா வெகுநேரம் பார்த்தாள். பிறகு படத்தை என்னிடமே நீட்டினாள்.

“எங்கம்மை இப்படித்தான் இருந்தா, எனக்குத் தெரியாதால? இத நீ வச்சுக்கோ. செவுத்துல அதே கெடக்கட்டும்.”