நெடுநாள் ரசிகர் காணும் நிறைவு

சித்தூர், திருப்பதி வட்டாரத்துத் தமிழருள் பலர், ஊரை விட்டு ஓரடியும் நகராமலே வேறு மாநிலத்தவர் ஆனவர்கள். 1953 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலம் தோன்றியபோது, அதுவரை சென்னை மாநிலத்திலிருந்த சித்தூர் மாவட்டம் அதனோடு இணைந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் ஐதராபாத்தைத் தலைநகராகக் கொண்டு ஆந்திரப் பிரதேசம் உருவாயிற்று. பெரிய கவலைகள் ஒருபுறமிருக்க, அங்குள்ள கால்பந்து ரசிகருக்குச் சிறிய கேள்வியொன்றும் எழுந்திருக்கும். சென்னை அணியும் ஐதராபாத் அணியும் மோதினால் நாம் யாருக்காகக் கைதட்டுவது?

இக்கேள்விக்கு விடை காணுமுன், ஆட்டத்தில் நாம் அடையும் நிறைவு எத்தகையது என்று பார்ப்போம். ஆட்டத்துக்குப் புதியவர் கோல்களை எண்ணுகிறார். தம் அணி வென்றால் மகிழ்ந்து வீடு திரும்புகிறார். பல்லாண்டு பார்த்துப் பழகியவருக்கு அது மட்டும் போதுவதில்லை. பழைய ஆட்டமொன்றில் தீராமல் நின்ற கணக்கு இன்று தீர்வதை அவர் காண விரும்புகிறார். நினைவு உள்ளவருக்கே இந்த இன்பம் வாய்க்கும்.

தோல்வியிலும் அது வாய்ப்பதுண்டு. 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நம் ஆட்டக்காரர் பலர் வெறுங்காலோடு ஆடினர். யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்ற கணக்கில் தோற்றோம். 1960-இல் ரோமாபுரியில், பின்னர் வெண்கலப் பதக்கம் பெற்ற ஹங்கேரியிடம் 1-2 என்றே தோற்றோம். ஹெல்சிங்கியை மறவாதவருக்கு, எட்டே ஆண்டுகளில் நாம் கடந்த தொலைவு அதில் தெரிந்தது.

ஹங்கேரிக்கு எதிரே அந்த ஒரு கோலை அடித்தவர் துளசிதாஸ் பலராம். செகந்தராபாத்தை அடுத்த அம்முகூடாவில், 1936-இல், தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஐதராபாத்தில் வளர்ந்து, கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்குச் சென்று, அந்நகரத்தின் அன்பைப் பெற்றார்.

இனி 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுக்கு வருவோம். ஐதராபாத் தந்த பயிற்சியாளர் எஸ். ஏ. ரஹீம் நம் அணியை நடத்தினார். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. தாய்லாந்தோடு ஆடுகையில் தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம். இஸ்ரேலையும் தைவானையும் விலக்கியதை இந்திய விளையாட்டு அதிகாரி ஒருவர் ஆட்சேபித்ததால், உள்ளூர் மக்களுக்கும் நம்மீது கோபம்.

செப்டம்பர் 4-ஆம் நாள் இறுதியாட்டம். எதிரே மீண்டும் தென்கொரியா. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கூடியிருந்த அரங்கில் நம் அணிக்கு ஆதரவு அரிது. தலைக் கட்டோடிருந்த ஜர்னைல் சிங்கை ரஹீம் முன்வரிசையில் ஆடவிட்டார். காய்ச்சலிலிருந்து எழுந்த பீட்டர் தங்கராஜ் கோலைக் காத்தார். அவரும் ஐதராபாத் சமஸ்தானத்தில் பிறந்து, மதராஸ் ரெஜிமெண்டில் ஆடிப் பெயர் பெற்றவர். பி. கே. பானர்ஜி ஒரு கோல் அடித்தார். ஜர்னைல் சிங் மற்றொன்று. 2-1 என்று வென்று தங்கம் பெற்றோம். இதையே முதல் ஆட்டத்தில் பெற்றிருந்தால் அது வெறும் வெற்றி. தோற்ற அணியையே எதிர்த்து, அடிபட்டவரும் நோயுற்றவரும் சேர்ந்து பெற்றதாலேயே அது நெடுநாள் ரசிகரின் நெஞ்சில் நின்றது.

அடுத்த ஆண்டே, 1963 ஜூனில், ரஹீம் மறைந்தார். உடல்நலக் குறைவால் பலராமும் இளமையிலேயே ஆட்டத்தை விட்டார். வங்காளத்திலேயே தங்கி, 2023 பிப்ரவரியில் காலமானார்.

யாருக்காகக் கைதட்டுவது என்று கேட்ட அன்பருக்கு இவ்வீரர்களின் வாழ்க்கையே விடை. பலராமை ஐதராபாத் வளர்த்தது, கல்கத்தா கொண்டாடியது. தங்கராஜுக்கு மதராஸ் ரெஜிமெண்டு களம் தந்தது. இவர்களை எந்த ஊருக்கென்று பங்கிடுவது? வெளிமாநிலத்தில் வாழும் நாம், வீட்டுப் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துச் செல்லும்போது, அங்கே ஆடுபவரின் முந்தைய கதையையும் சொல்லிச் செல்வோமாக. அடுத்த முறை பார்க்கையில் அவர்களுக்கும் நினைத்துக்கொள்ள ஓர் ஆட்டம் இருக்கும்.