ஐந்து டாலர் கார்னெட்

நம் கிளப் ஹவுஸில் இரண்டு மாதமாக ஒரு பையன் மாலை வேளையில் டிரம்பெட் பழகுகிறான். அதைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் வந்த கருத்துகளை எல்லோரும் படித்திருப்பீர்கள். டிரம்பெட் என்றால் என் நினைவுக்கு வருகிறவர் லூயி ஆம்ஸ்ட்ராங். நான் பி.காம். படித்து வங்கியில் கிளார்க்காக இருந்தவன், சங்கீதம் கற்றவன் இல்லை. ஆனாலும் நண்பர் ஒருவர் கொடுத்த கேசட் வழியாக நாற்பது வருடமாக இவரைக் கேட்டு வருகிறேன்.

அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் மிக ஏழ்மையான பகுதியில் பிறந்த கறுப்பினக் குழந்தை அவர். தன் பிறந்த நாள் 1900 ஜூலை 4 என்றுதான் கடைசி வரை சொல்லி வந்தார். அவர் காலமான பிறகு தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்தபோது, 1901 ஆகஸ்ட் 4 என்று இருந்தது. பள்ளியில் சேர்க்க வாத்தியார் போட்ட தேதியோடு வாழ்கிற நம் தலைமுறைக்கு இது புதிதில்லை.

அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். சிறுவன் லூயி, லித்துவேனியாவிலிருந்து வந்து குடியேறிய கார்னோஃப்ஸ்கி என்ற யூதக் குடும்பத்தின் வண்டியில் பழைய சாமான் வாங்கவும் கரி விற்கவும் கூடப் போவான். ஆட்களைக் கூப்பிட வண்டியில் ஒரு தகர ஊதுகுழல் இருக்கும். ஒருநாள் அடகுக் கடை ஜன்னலில் பழைய கார்னெட் ஒன்றைப் பார்த்தான். டிரம்பெட்டுக்குத் தம்பி மாதிரியான வாத்தியம் அது. விலை 5 டாலர். அந்தக் குடும்பத்தார் 2 டாலர் முன்பணம் கொடுத்தார்கள். மீதியை வாரம் அரை டாலராகச் சேர்த்து அடைத்ததாக 1969-ல் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவரே எழுதி வைத்திருக்கிறார்.

புத்தாண்டு இரவில் துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டதற்காகப் பதினொரு வயதில் அவனைக் கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்த இல்லத்தில் அடைத்தார்கள். அங்கே பீட்டர் டேவிஸ் என்ற ஆசிரியர் முறையாக வாசிக்கக் கற்றுக் கொடுத்தார். வெளியே வந்த பிறகு, ஜோ 'கிங்' ஆலிவர் என்ற பெரிய வித்வான் கை கொடுத்தார். 1922-ல் அவர் சிகாகோவுக்குக் கூப்பிட, 1923-ல் முதல் இசைத்தட்டுப் பதிவு. அந்தக் காலத்தில் மைக் கிடையாது, பெரிய புனல் ஒன்றின் முன்னால் எல்லோரும் நின்று வாசிக்க வேண்டும். லூயியின் சத்தம் குருவின் சத்தத்தையே மூடிவிட்டதால் அவரைத் தள்ளிப் பின்னால் நிற்க வைத்தார்களாம்.

அவர் அப்படி என்ன செய்தார்? அதுவரை ஜாஸ் பெரும்பாலும் கூட்டாக வாசிக்கும் இசை. 1925 முதல் 1928 வரை தன் சிறு குழுவோடு செய்த பதிவுகளில், ஒருவர் தனியாக முன்னால் வந்து தன் கற்பனையில் வாசித்தால் அதுவே கச்சேரியின் உயிராகும் என்று காட்டினார். நம் ஊர் மனோதர்மம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 1928-ல் வந்த 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' தட்டின் ஆரம்பத்தில் அவர் தனியாக வாசிக்கும் சில நொடிகளைக் கேட்டுப் பாருங்கள். பாட்டிலும் அப்படித்தான். வார்த்தையே இல்லாமல் ஒலிகளைக் கொண்டு பாடும் 'ஸ்கேட்' முறையைப் பிரபலமாக்கியவர் அவர்தான். பில்லி ஹாலிடே, பிங் கிராஸ்பி போன்ற பெரிய பாடகர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

புகழ் வந்த பிறகு அவர் மீது ஒரு குறை எழுந்தது. மேடையில் எப்போதும் பல் தெரியச் சிரிக்கிறார், வெள்ளைக்காரர்களைச் சந்தோஷப்படுத்துகிறார் என்று இளைய கறுப்பினக் கலைஞர்களே பேசினார்கள். கவுண்டரில் முப்பத்தைந்து வருடம் சிரித்துப் பேசிய எனக்கு ஒன்று தெரியும். சிரிப்பவனுக்குக் கோபமே இல்லை என்று நினைப்பது தவறு.

1957 செப்டம்பரில் அது வெளியே வந்தது. லிட்டில் ராக் நகரத்துப் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழையாதபடி ஆர்கன்சாஸ் மாநில ஆளுநர் படையை நிறுத்தினார். அரசாங்கம் தன்னைத் தூதராகச் சோவியத் நாட்டுக்கு அனுப்ப இருந்த நேரத்தில், ஆம்ஸ்ட்ராங் ஓர் இளம் நிருபரிடம் ஜனாதிபதிக்குத் தைரியம் இல்லை என்றார். தன் மக்களை இப்படி நடத்தும் அரசுக்காகப் போக மாட்டேன் என்றும் சொன்னார். எழுதியதை மறுநாள் நிருபர் காட்டியபோது எதையும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். அவர் வருத்தப்படுகிறார் என்று அவருடைய ஆளே பத்திரிகைகளிடம் சொன்னபோது, அப்படி ஒன்றுமில்லை என்று மறுத்தார். சில நாட்களில் ஐசனோவர் ராணுவத்தை அனுப்பி அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் சேர்த்தார். ஆம்ஸ்ட்ராங் பாராட்டித் தந்தி அடித்தார். அந்தச் சிரிப்பைக் குறை சொன்னவர்களில் ஒருவரான டிஸ்ஸி கில்லஸ்பி, தான் தவறாகப் புரிந்துகொண்டதாகப் பின்னாளில் தன் சுயசரிதையில் ஒப்புக்கொண்டார். இனவெறி தன் சந்தோஷத்தைப் பறிக்க அவர் விடவில்லை, அவ்வளவுதான் என்று உணர்ந்துகொண்டார்.

1964-ல், 62 வயதில், 'ஹலோ டாலி' பாட்டின் மூலம் பீட்டில்ஸை முதலிடத்திலிருந்து இறக்கினார். ஆனாலும் 1943 முதல் 1971-ல் காலமாகும் வரை நியூயார்க்கில் கொரோனா என்ற சாதாரணக் குடியிருப்புப் பகுதியில் ஒரே வீட்டில்தான் இருந்தார். அந்த வீட்டை அவருடைய மனைவி லூசில், அவர் பார்ப்பதற்கு முன்பே வாங்கிவிட்டார். இன்று அது மியூசியம். வீட்டு வாசற்படியில் தெருப் பிள்ளைகள் சூழ அவர் டிரம்பெட்டோடு உட்கார்ந்திருக்கும் புகைப்படத்தை இணையத்தில் பார்க்கலாம். அக்கம்பக்கத்தாருக்கு அவர் உலகப் பிரபலம் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 1980-களில் நான் கடன் பிரிவில் இருந்தபோது, கல்யாணங்களில் வாசிக்கும் பேண்டு செட்காரர் ஒருவர் மகனுக்கு டிரம்பெட் வாங்கக் கடன் கேட்டு வந்தார். ஜாமீன் போட ஆள் இல்லை. விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தேன். விதிப்படி சரிதான். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பரவாயில்லைங்க சார்" என்று சிரித்துவிட்டுப் போனார். அந்தப் பையன் பிறகு வாசித்தானா என்று எனக்குத் தெரியாது. கார்னோஃப்ஸ்கி குடும்பம் 2 டாலர் கொடுத்ததைப் படித்த நாள் முதல் அவர் முகம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

நம்மிடம் யாரும் இப்போது பணம் கேட்கவில்லை. மாலை 5 மணி முதல் 6 மணி வரை கொஞ்சம் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அடுத்த பொதுக்குழுவில் இது பேச்சுக்கு வரும்போது, என் கையை அந்தப் பையன் பக்கம்தான் தூக்குவேன்.