காதால் படிப்பவரின் புத்தகக்குறிகள்: கொத்மலை வானொலியிலிருந்து திரைவாசிப்பான் வரை

கொத்மலைப் பக்கத்தில் பலர் இணையத்தை முதலில் கேட்டார்கள், பார்த்தது பிறகுதான். மகாவலித் திட்டத்தின் கீழ் 1989 இல் அங்கு தொடங்கிய சமுதாய வானொலி, 1999 இல் யுனெஸ்கோவின் ஆதரவுடன் ஒரு புதிய நிகழ்ச்சியை ஆரம்பித்தது. நேயர்கள் தபாலில் ஒரு விடயத்தைக் கேட்டு எழுதுவார்கள். அறிவிப்பாளர் கணினியின் முன் இருந்து அதை இணையத்தில் தேடுவார். துறை தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கிடைத்ததை விளங்கும் மொழியில் வானலையில் சொல்வார். கம்பளை, நாவலப்பிட்டி பொது நூலகங்களிலும் இலவச இணைய வசதி வைக்கப்பட்டது. அடிக்கடி கேட்கப்பட்ட தகவல்களை நிலையம் தனியாகச் சேர்த்து, இணைப்பு இல்லாத நேரத்திலும் எடுக்கக்கூடிய தரவுத்தளமாக வைத்துக்கொண்டது. இன்று உலாவியில் நாம் செய்யும் புத்தகக்குறிப் பட்டியலின் வேலையும் ஏறத்தாழ அதுதான்.

அந்த முயற்சி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஆனால் நிலையத்தின் பிரதான மொழி சிங்களம். லயன் அறைகளில் இருந்த தமிழருக்கு அது எந்த அளவுக்குச் சொந்தமாக இருந்தது என்பது வேறு கேள்வி. எப்படியிருந்தாலும், எந்தப் பக்கத்தைத் திறப்பது, எதை வாசிப்பது, எதைச் சேமிப்பது என்பதை இன்னொருவரே முடிவு செய்தார்.

பார்வையை இழந்த ஒருவர் வீட்டில் இன்றும் பெரும்பாலும் அப்படித்தான். காணாமற்போன மகனைப் பற்றிய அறிவித்தலானாலும், வைத்தியசாலைத் தகவலானாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்துதான் வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளுக்குப் போன குடும்பங்கள் ஏராளம். வன்னியில் அவர்கள் பட்டதை மலையகத்தில் இருக்கும் உறவுகளும் சுமக்கிறார்கள். இரு பக்கத்திலும் ஷெல்லிலும் கண்ணிவெடியிலும் கண் போனவர்களில் பலர், பிரெய்ல் கற்கும் வயதைக் கடந்தபின் பார்வையை இழந்தவர்கள். அவர்களுக்கு வாசிப்பு என்றால் காதுதான்.

அந்தக் காதுக்கான கருவி இலவசமாகவே கிடைக்கிறது. மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற இரண்டு பார்வையற்ற அவுஸ்திரேலியர்கள் 2006 இல் தொடங்கிய என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் விண்டோஸ் கணினிகளில் வேலை செய்கிறது. அதனுடன் வரும் ஈஸ்பீக் குரல் தமிழையும் படிக்கும். இனிமையான குரல் அல்ல. தகரத்தில் தட்டியது போல் இருக்கும். இரண்டு கிழமை கேட்டால் பழகிவிடும். அண்ட்ரொய்ட் கைபேசியில் டோக்பேக் இருக்கிறது.

ஏன் புத்தகக்குறி இவ்வளவு முக்கியம்

பார்வையுள்ளவர் ஒரு செய்தித்தளத்தைத் திறந்ததும் முப்பது தலைப்புகளை ஒரே பார்வையில் மேய்ந்துவிடுவார். காதால் படிப்பவருக்கு அந்த முப்பதும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இடையில் விளம்பரம், மெனு, பகிரும் பொத்தான்கள் எல்லாம் வரும். ஒரு பக்கத்தைத் தேடிப்பிடிக்கக் கால் மணி நேரம் ஆனால், அடுத்த முறையும் அதே கால் மணி நேரம். ஆகவே அவருக்குப் புத்தகக்குறி ஞாபகக்குறிப்பு மட்டுமல்ல, வழியே அதுதான். ஒழுங்கில்லாமல் முந்நூறு குறிகள் சேர்ந்துவிட்டால் அதுவும் இன்னொரு காடு.

குறோம், ஃபயர்ஃபொக்ஸ், எட்ஜ் மூன்றிலும் பக்கத்தைச் சேமிக்கும் விசை ஒன்றே: கன்ட்ரோலுடன் டி. அதை அழுத்துமுன், என்விடிஏ விசையுடன் டி அழுத்துங்கள் (என்விடிஏ விசை என்பது இன்சர்ட், அல்லது அப்படி அமைத்திருந்தால் கெப்ஸ் லொக்). சாளரத்தின் தலைப்பு வாசிக்கப்படும். நீங்கள் மாற்றாவிட்டால் அந்தப் பக்கத்தின் தலைப்பே புத்தகக்குறியின் பெயராகும்.

சிக்கல் தொடங்குவது இங்கேதான். பல தமிழ்த் தளங்கள் ஒவ்வொரு பக்கத் தலைப்பையும் தளத்தின் பெயரிலேயே தொடங்குகின்றன. அரச தளங்களில் திணைக்களத்தின் முழுப்பெயரும் அமைச்சின் பெயரும் முன்னால் வரும். பட்டியலில் பத்துக் குறிகள் இருந்தால் பத்துத் தடவையும் அதையே கேட்க வேண்டும். உங்களுக்கு வேண்டிய சொல் கடைசியில்தான் வரும். எனவே சேமிக்கும் பெட்டி திறந்ததும் கர்சர் பெயர் இடத்தில் இருக்கும்போதே, இருப்பதை அழித்து இரண்டு மூன்று சொற்களில் எழுதுங்கள். வேறுபடுத்தும் சொல் முதலில் வரட்டும். ‘ஓய்வூதியப் படிவம்’ போதும்.

இன்னொரு தந்திரம்: பெயருக்கு முன்னால் ஓர் இலக்கம் போடுவது. பெரும்பாலான மெனுக்களில் ஒரு பெயரின் முதல் எழுத்தை அழுத்தினால் அங்கே தாவலாம். ஆனால் தமிழ்ப் பெயராக இருந்தால் அதற்காக விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்ற வேண்டும். இலக்கத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. நாளாந்தம் திறக்கும் ஐந்து பக்கங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை வைத்துவிட்டால் விரல் தானாகப் போகும்.

பெயரைத் தமிழில் எழுதுவதா ஆங்கிலத்திலா என்பதையும் யோசித்தே செய்ய வேண்டும். இணையப் பக்கத்தில் எந்த மொழி என்ற குறிப்பு உள்ளே இருக்கும். திரைவாசிப்பான் அதைப் பார்த்துக் குரலை மாற்றிக்கொள்ளும். புத்தகக்குறியின் பெயருக்கு அந்தக் குறிப்பு கிடையாது. என்விடிஏயின் வழமையான குரல் ஆங்கிலமாக இருந்தால் தமிழ்ப் பெயர் குழறும், அல்லது சத்தமின்றிக் கடந்துபோகும். என்விடிஏ விசை, கன்ட்ரோல், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பேச்சு அமைப்புகள் திறக்கும். அங்கே தமிழ்க் குரலை வழமையாக்கிக்கொண்டால் தீர்ந்தது. சில தமிழ்த் தளங்கள் தங்களை ஆங்கிலத் தளம் என்று தவறாகக் குறித்து வைத்திருக்கும். அப்படிப்பட்ட பக்கங்களுக்கு, அதே இடத்தில் தானாக மொழி மாற்றும் தெரிவை நிறுத்திவிடலாம்.

தேடி எடுப்பதும் அடுக்குவதும்

முழுப் பட்டியலையும் கேட்டுக்கொண்டு போகத் தேவையில்லை. ஃபயர்ஃபொக்ஸில் ஓல்ட்டுடன் டி அழுத்தி முகவரிப் பட்டைக்குப் போய், ஒரு நட்சத்திரக் குறியும் ஓர் இடைவெளியும் விட்டு, பெயரில் உள்ள சொல்லைத் தட்டினால் புத்தகக்குறிகளில் மட்டும் தேடும். கீழ்நோக்கிய அம்புக்குறியால் முடிவுகளைக் கேட்கலாம். குறோமின் புதிய பதிப்புகளில் முகவரிப் பட்டையில் மின்னஞ்சலில் வரும் ‘அட்’ குறியையும் ‘புக்மார்க்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லையும் தட்டி, டெப் விசையை அழுத்திவிட்டுத் தேடலாம். ஃபயர்ஃபொக்ஸில் ஒரு குறிக்குச் சுருக்கச் சொல்லும் கொடுக்க முடியும். இரண்டே எழுத்துகளை முகவரிப் பட்டையில் தட்டி என்டர் அழுத்தினால் பக்கம் திறந்துவிடும். என் கணிப்பில் காதால் படிப்பவருக்கு இதைவிட விரைவான வழி இல்லை. இதற்காகவே நான் ஃபயர்ஃபொக்ஸைச் சிபாரிசு செய்வேன்.

அடுக்குவதற்கு குறோமிலும் ஃபயர்ஃபொக்ஸிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ. ஒரு பக்கம் கோப்புறைகள், மறுபக்கம் அவற்றில் உள்ள குறிகள். இடையில் டெப் அல்லது எஃப்6 விசையால் நகரலாம். குறோமில் இது ஓர் இணையப் பக்கம் போலத் திறப்பதால் அம்புக்குறிகள் சரியாக வேலை செய்யாமல் போகலாம். அப்போது என்விடிஏ விசையுடன் ஸ்பேஸ் பாரை ஒருமுறை அழுத்துங்கள். ‘சுட்டியால் இழுத்து விடுங்கள்’ என்று உதவிக் குறிப்புகள் சொல்வதைக் கேட்டுச் சோர்ந்துவிட வேண்டாம். கன்ட்ரோலுடன் எக்ஸ் அழுத்தி வெட்டி, வேண்டிய கோப்புறையில் கன்ட்ரோலுடன் வி அழுத்தி ஒட்டினால் அதே வேலைதான். தவறுதலாக அழித்துவிட்டால் கன்ட்ரோலுடன் செட். கோப்புறைகள் நாலைந்து போதும். கோப்புறைக்குள் கோப்புறை வைப்பது கண்ணுக்கு அழகு, காதுக்குப் படிக்கட்டு.

கைபேசியில் நான் வேறு வழியைச் சொல்வேன். குறோம் மெனுவில் முகப்புத் திரையில் சேர் என்ற தெரிவு இருக்கிறது. முக்கியமான மூன்று நான்கு பக்கங்களை அங்கே வைத்தால், டோக்பேக்கில் ஒரு செயலியைத் திறப்பது போல இரட்டைத் தட்டில் திறக்கும்.

எதைக் குறித்து வைப்பது

அரச தளங்களில் முகப்பைக் குறித்து வைப்பதால் பெரும் பயனில்லை. முகப்பு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ திறக்கும். ஒவ்வொரு முறையும் தமிழ் இணைப்பைத் தேட வேண்டும். தமிழ்ப் பக்கத்துக்குள், வேண்டிய உட்பக்கம் வரை போய், அதைக் குறியுங்கள். 2016 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் தளத்துக்கும் இதே முறைதான். அந்த அலுவலகத்தில் நம்பிக்கை வைப்பதா இல்லையா என்பது குடும்பங்களின் முடிவு. என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தாமே கேட்டறிய அவர்களுக்கு வழி இருக்க வேண்டும்.

குறிக்குமுன் பக்கம் வாசிக்கக்கூடியதா என்று பாருங்கள். நமது பழைய தளங்கள் பல பாமினி எழுத்துருவில் எழுதப்பட்டவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது கணினிக்கு அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக்கோவை. திரைவாசிப்பானும் அப்படியே உளறும். ஒருங்குறி மாற்றி ஒன்றையும் கூடவே குறித்து வைத்தால், அந்த எழுத்தை நகலெடுத்து மாற்றிக் கேட்கலாம். படமாக வருடப்பட்ட ஆவணங்கள் இன்னும் கடினம். நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் பத்திரிகைகளும் பெருமளவில் இருக்கின்றன. நூல்விவரப் பக்கங்கள் நன்றாக வாசிக்கப்படும். உள்ளே உள்ள வருடிய பக்கங்கள் பெரும்பாலும் மௌனம்.

புத்தகக்குறி முகவரியை மட்டுமே வைத்திருக்கும், பக்கத்தை அல்ல. நம்மவர்களுக்கு இது புதிய பாடமில்லை. 2007 ஜூனில் தமிழ்நெட் இலங்கையில் முடக்கப்பட்டபோது அதன் முகவரியைச் சேமித்து வைத்திருந்தவர்களுக்கு இங்கே அது திறக்கவில்லை. போர்க்காலத் தளங்கள் பல பின்னர் இல்லாமலே போயின. உறவினரின் பெயர் வந்த செய்தி, ஒரு சாட்சியம், ஒரு பெயர்ப்பட்டியல் என்றால் கன்ட்ரோலுடன் எஸ் அழுத்திப் பக்கத்தையே கோப்பாகச் சேமியுங்கள். இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினிலும் ஒரு பிரதியைப் பதிந்து, அந்த முகவரியையும் குறித்து வைக்கலாம்.

பொதுக் கணினியில்

நெனசல நிலையத்திலோ நூலகத்திலோ கணினி பாவிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தனிப்பட்ட சாளரத்தில் உலாவினால் போன இடங்களின் வரலாறு அழியும். ஆனால் அதற்குள் இருந்து சேமித்த புத்தகக்குறி அழியாது. அடுத்து வந்து இருப்பவர் நீங்கள் யாரைத் தேடுகிறீர்கள் என்று அதை வைத்தே அறியலாம். உங்கள் கணக்கால் உள்நுழைந்து ஒத்திசைவைப் போடுவதும் அங்கே வேண்டாம்.

பதிலாக, உங்கள் சொந்தக் கணினியில் அல்லது நம்பிக்கையானவரின் கணினியில் பட்டியலை அடுக்கி, புத்தகக்குறி முகாமையாளரின் மெனுவில் ஏற்றுமதி என்ற தெரிவால் ஒரு கோப்பாக்கிப் பென் ட்ரைவில் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பு ஒரு சாதாரண இணையப் பக்கம்தான். எந்த உலாவியிலும் கன்ட்ரோலுடன் ஓ அழுத்தித் திறக்கலாம். கோப்புறைகள் தலைப்புகளாக இருப்பதால் எச் விசை ஒவ்வொரு கோப்புறையாகத் தாவும். குறிகள் இணைப்புகளாக இருப்பதால் கே விசை ஒவ்வொன்றாகப் போகும். அந்தக் கணினியில் எதையும் சேமிக்க வேண்டியதில்லை. என்விடிஏயையும் அதன் கருவிகள் மெனுவிலிருந்து எடுத்துச் செல்லும் பிரதியாக அதே பென் ட்ரைவில் உருவாக்கிக்கொள்ளலாம். நிலையத்தில் திரைவாசிப்பான் இல்லாவிட்டாலும், வெளி நிரல்களை இயக்க விடுவார்கள் என்றால், அது அங்கிருந்தே பேசத் தொடங்கும். ஹெட்போன் மட்டும் மறக்காமல் கொண்டுபோங்கள்.