சோதனை வேலையும் சுய உறுதிமொழியும்

ஒரு படிவத்திலிருந்து தொடங்குகிறேன். வேலையற்றோர் உதவித்தொகைக்கான விண்ணப்பம் அது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இலவசமாகத் தருவார்கள். திருச்சுழிக்காரன் விருதுநகர் போய்வரும் பஸ் காசு தனி. பதிவு செய்து ஐந்து வருஷம் முடிந்திருக்க வேண்டும். இடையில் புதுப்பிக்கத் தவறியிருக்கக் கூடாது. வயது 40ஐத் தாண்டக் கூடாது (தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 45). குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதற்கு வருவாய்த்துறைக் கையெழுத்தும் வேண்டும். முழுநேரமாகப் படித்துக்கொண்டிருக்கக் கூடாது. சம்பளத்துக்கோ சொந்தமாகவோ எந்தத் தொழிலும் செய்யக் கூடாது. இவ்வளவும் கூடிவந்தால் பத்தாவது தேறாதவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று வருஷத்தோடு சரி. வருஷத்துக்கு ஒருதடவை சுய உறுதிமொழி ஆவணம் எழுதித்தர வேண்டும்.

இந்த உறுதிமொழியைத்தான் நான் பிரச்சினையாகப் பார்க்கிறேன். பட்டதாரிக்கு ஒரு நாளைக்கு 20 ரூபாய். அதை வைத்துக்கொண்டு ஒருவன் 'எந்த வேலையும் செய்யாமல்' இருந்தாக வேண்டும். எங்கள் பக்கத்தில் அப்படி இருக்க யாருக்குக் கட்டுபடியாகும்? தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு டியூஷன் எடுக்கிறவன், தறியில் அப்பாவுக்குக் கைமாற்றுகிறவன், கரிமூட்டத்துக்குத் தூர் வெட்டப் போகிறவன் எல்லாருமே இந்தப் படிவத்தின் முன்னால் பொய்யர்கள். (நானும் எழுதிக்கொடுத்தவன்தான். அந்த வருஷம் மூன்று பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக்கொண்டிருந்தேன்.) ஒருவனுக்கு உதவ முன்வரும் அரசு முதலில் அவனைப் பொய் சொல்ல வைக்கிறது என்றால், இந்த ஏற்பாட்டின் வேர் எங்கே இருக்கிறது?

'வேலையின்மை' என்ற சொல்லே நம்முடையதல்ல. அறிக்கைத் தமிழ் அது. ஊரில் 'சும்மா இருக்கான்', 'வேலைவெட்டி இல்ல' என்பார்கள். இரண்டிலும் வசவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'அவனுக்கு வேலை கிடைச்சிருச்சு' என்றால் அரசு வேலை என்று பொருள். பத்து வருஷமாக லாரியில் லோடு ஏற்றுகிறவனும் எங்கள் பேச்சுவழக்கில் 'வேலை தேடிக்கிட்டுத்தான் இருக்கான்'. அரசின் சொல்லாடலும் ஊரின் சொல்லாடலும் இந்த ஓரிடத்தில் ஒத்துப்போகின்றன. வியர்வை சிந்தும் உழைப்பை இரண்டுமே வேலைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

தாது வருஷத்துக்குப் போவோம். 1876ல் மழை பொய்த்தது. 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் அரைக் கோடிக்கும் மேல் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 1877 தொடக்கத்தில் வைஸ்ராய் லிட்டன், ரிச்சர்டு டெம்பிளைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். செலவைக் குறைப்பதுதான் டெம்பிளுக்குக் கொடுத்த வேலை. நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு அதுவரை இருந்த ஒன்றரைப் பவுண்டு தானியத்தை ஒரு பவுண்டாக்கி, கூடக் கொஞ்சம் காசு என்றார். 'டெம்பிள் கூலி' என்று பேர்பெற்றது இதுதான். சென்னை மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ், இந்த அளவு உணவில் மண்சுமக்கும் உடம்பு நிற்காது என்று எதிர்த்து எழுதினார். சில மாதங்களில் கூலி திரும்பக் கூடியது. அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

கூலியைவிட முக்கியம் அதன் பின்னால் இருந்த தத்துவம். 1834ன் இங்கிலாந்து ஏழைகள் சட்டத்திலிருந்து வந்தது அது. நிவாரணம், வெளியில் கிடைக்கும் மிக மோசமான வேலையைவிடவும் மோசமாக இருக்க வேண்டும். அப்போதுதான் நிஜமாகவே கதியற்றவன் மட்டும் வருவான். வீட்டிலிருந்து பத்து மைலுக்கு அப்பால் வேலைத்தளம் என்ற தூரச் சோதனை இதிலிருந்து பிறந்தது. பிறகு 1880ன் பஞ்சக் கமிஷனும் 1883ன் பஞ்ச விதித்தொகுப்பும் 'சோதனை வேலை' என்ற ஒன்றை முறைப்படுத்தின. ஒரு வட்டாரத்தில் பஞ்சம் இருக்கிறதா என்று அறியக் குறைந்த கூலியில் கல் உடைக்கும் வேலையைத் திறந்துவைப்பது. கூட்டம் வந்தால் பஞ்சம், வராவிட்டால் பஞ்சமில்லை. பசித்த உடம்பையே அளவுகோலாக்கிய நிர்வாக நுட்பம் இது. ஃபூக்கோவைப் படித்தவர்கள் சிறையையும் மருத்துவமனையையும் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நமக்குக் கண்மாய்க்கரையிலேயே உதாரணம் கிடக்கிறது.

இதை மக்கள் பணிந்து ஏற்றார்கள் என்றும் இல்லை. பம்பாய் மாகாணத்தில் கூலிக் குறைப்பை எதிர்த்து நிவாரண வேலையாட்கள் கூட்டங்கூட்டமாக வேலைத்தளத்தைவிட்டு வெளியேறினார்கள். பூனா சார்வஜனிக் சபை அவர்கள் பக்கம் நின்றது. பசியில் இருப்பவன் வேலைநிறுத்தம் செய்ய மாட்டான் என்று இன்றும் நம்புகிற தொழிற்சங்கத் தோழர்கள் இதை ஒருமுறை வாசிக்கலாம்.

இந்தப் பஞ்சத்தைத் தமிழில் வில்லியப்ப பிள்ளையின் 'பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்' பேசுகிறது. மதுரைச் சுந்தரேசுவரர், பஞ்சத்தில் அடிபட்ட சனங்களுக்காகச் சிவகங்கை துரைசிங்க மன்னருக்குத் திருமுகம் எழுதி அனுப்புவதாக அமைந்த நூல். பாணபத்திரனுக்காகச் சேரமானுக்கு எழுதிய அதே சிவன்தான். தமிழாசிரியர்கள் இதை நகைச்சுவை இலக்கியம் என்று ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு இது சிபாரிசுக் கடிதம். கலெக்டருக்கு மனுப் போட வழிதெரியாத குடிக்குக் கடவுள் எழுதித்தரும் விண்ணப்பம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: திருமுகத்தில் சோதனை கிடையாது. கேட்கிறவன் தன் பசியை நிரூபிக்க வேண்டியதில்லை. சமீன் காலமே மேல் என்று நான் சொல்ல வரவில்லை. கொடைக்குப் பின்னால் சாதியும் அடிமைத்தனமும் இருந்தன. ஆனால் நிரூபணச் சுமை இடம் மாறியது இந்தக் காலத்தில்தான்.

பஞ்சம் ஓய்ந்த மறுவருஷம், 1879ல், திருச்சுழியில் ரமணர் பிறந்தார். அதே வருஷம் வங்காளத்து ரங்பூரில் வெள்ளைக்கார அதிகாரி வீட்டில் வில்லியம் பெவரிட்ஜ் பிறந்தார். ரமணர் 'நான் யார்' என்று கேட்டார். 'நீ யார், என்ன வேலை தெரியும்' என்று ஒரு நாட்டையே கேட்டுப் பதியும் ஏற்பாட்டைப் பெவரிட்ஜ் வளர்த்தெடுத்தார். இங்கிலாந்தின் 1909ஆம் வருஷத்து வேலைவாய்ப்பு நிலையச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தவர் அவர். 1911ல் அங்கே வேலையின்மைக் காப்பீடும் வந்தது. நிலையமும் காப்பீடும் ஒரு வண்டியின் இரு மாடுகள். நமக்கு ஒரு மாடுதான் வந்து சேர்ந்தது.

1945ல் போர் முடிந்து திரும்பும் சிப்பாய்களுக்காக இங்கே வேலைவாய்ப்பு நிலையங்கள் திறக்கப்பட்டன. 1948ல் எல்லாருக்கும் என்றானது. அதே வருஷம் வந்த ஈ.எஸ்.ஐ. சட்டம் நோய்க்கும் பிரசவத்துக்கும் காயத்துக்கும் பணம் தந்தது, வேலையின்மைக்குத் தரவில்லை. அரசியல் சட்டத்தின் 41ஆவது பிரிவு வேலையின்மையில் அரசின் உதவி பெறும் உரிமையைப் பேசுகிறது, 'பொருளாதார சக்திக்கு உட்பட்டு' என்ற வாலோடு. 1956ல் நிலையங்கள் மாநிலங்களிடம் வந்தன. காலியிடங்களைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று 1959ல் சட்டம் வந்தது. தெரிவிக்கத்தான் கட்டாயம், எடுத்துக்கொள்ளக் கட்டாயமில்லை. 1996ல் ஆந்திரத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், நிலையம் அனுப்பும் பட்டியலோடு நிற்காமல் விளம்பரம் செய்தும் ஆளெடுக்க வேண்டும் என்றது. நியாயமான தீர்ப்புதான். ஆனால் பதிவு மூப்பை நம்பி முடி நரைத்தவர்களின் வரிசை அதோடு அர்த்தம் இழக்கத் தொடங்கியது. அட்டையை மட்டும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருந்தோம். எங்கள் வீட்டில் அந்த அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார் அம்மா. 2006 தேர்தலில் வாக்குறுதியாக வந்த உதவித்தொகை, ஒருவகையில் அந்த வரிசைக்குத் தரப்பட்ட ஆறுதல்.

அருப்புக்கோட்டைத் தறிக்காரர்கள் இந்தக் கதையில் எங்கேயும் பொருந்துவதில்லை. சென்னை மாகாணத்தின் பஞ்ச நிவாரணத்தில் நெசவாளிக்குத் தறியிலேயே வேலை கொடுத்துத் துணியை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இருந்தது. கல் உடைத்த கை இழை பிடிக்காது என்று வெள்ளைக்காரனுக்கே புரிந்திருந்தது. சுதந்திர இந்தியாவில், 1953ல் கைத்தறித் துணி தேங்கியபோது திமுகவினர் தெருத்தெருவாகத் தோளில் சுமந்து விற்றார்கள். அரசியல்ரீதியாகப் பெரிய காரியம். ஆனால் வீட்டுக்குள் பாவு இறங்காமல் நிற்கும் தறிக்கு எந்தக் காப்பீடும் வரவில்லை. 2005ல் ஈ.எஸ்.ஐ.யில் ராஜீவ் காந்தி பெயரில் வேலையின்மைப் படி வந்தது. 2018ல் அடல் பெயரில் இன்னொன்று: 90 நாளுக்குச் சம்பளத்தில் கால்பங்கு, 2020ல் கொரோனாக் காலத்தில் அரைப்பங்கு. மில்லில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தவர்கள் கேட்கலாம். மாஸ்டர் வீவரிடம் பாவு வாங்கி நெய்கிறவர் சட்டத்தின் கண்ணில் தொழிலாளியே இல்லை. யாரும் அவரை வேலைக்கு வைக்கவில்லை, அதனால் யாரும் நீக்கவும் இல்லை.

அப்படியானால் இந்த வறண்ட பூமியின் உண்மையான வேலையின்மைப் படி எது? சீமைக்கருவேல் என்பேன். 1870களின் பிற்பகுதியிலேயே வனத்துறை இதைச் சென்னை மாகாணத்தில் நட்டுவிட்டது. தாதுப் பஞ்சமும் இதுவும் சமவயது. பிறகு வந்த நடவுகளில் முகவை மண் முழுக்கப் பரவியது. வெள்ளாமை போன நிலத்தில் மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்கிறார்கள். பதிவு வேண்டாம், வருமானச் சான்று வேண்டாம், ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டாம். நுரையீரலைத்தான் கொடுக்க வேண்டும். 2017ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்றச் சொன்னபோது சூழலியல் நண்பர்கள் கொண்டாடினார்கள். மூட்டம் போடுகிற ஒரு அக்கா என்னிடம் கேட்டார்: "மரத்தப் புடுங்குறது சரி தம்பி, எங்கள எங்க நடுவாக?"

நூறுநாள் வேலையைப் பற்றிச் சொல்லாமல் இது முடியாது. மராட்டியத்தில் 1972 வறட்சியில் முளைத்து 1977ல் சட்டமான வேலை உறுதித் திட்டம் அதற்கு முன்னோடி. வேலை தராவிட்டால் நாளைக்கு ஒரு ரூபாய் படி என்று அதில் இருந்தது. 2005ன் மத்தியச் சட்டம், விருதுநகர் மாவட்டத்துக்கு 2008ல் வந்தது, இதை விரித்தது: கேட்டு 15 நாளில் வேலை தராவிட்டால் முதல் 30 நாளுக்குக் கூலியில் கால்பங்கு, அதற்குமேல் அரைப்பங்கு. இந்திய வரலாற்றிலேயே கிராமத்துக் கூலிக்காரருக்குச் சட்டப்படி கிடைத்த வேலையின்மைப் படி. அதைக் கேட்க ஒரே ஒரு காகிதம் வேண்டும், வேலை கேட்டதற்குத் தேதி போட்ட ரசீது. அந்த ரசீதுதான் கிடைக்காது. 'வேலை வந்தா சொல்லிவிடுறோம், போங்க' என்ற வாய்ச்சொல்லுக்குத் தேதி கிடையாது. தேதி இல்லையென்றால் 15 நாளும் இல்லை. ஒரு சட்டத்தின் இரண்டு பிரிவுகளைச் செல்லாமல் செய்ய இந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. வேலைக்குப் போன பெண்களை 2023லிருந்து காலையும் மாலையும் செல்போனில் படமெடுத்தார்கள். டெம்பிளின் சோதனைக்குக் கேமரா வந்துவிட்டது.

ஆக, அன்றைய விதித்தொகுப்பு எந்த வேலையும் செய்யத் தயாரான உடம்பைக் கேட்டது. இன்றைய உறுதிமொழி எந்த வேலையும் செய்யாத உடம்பைக் கேட்கிறது. சந்தேகம் ஒன்றுதான். இந்த ஏற்பாட்டில் வேலைக்குத் திரும்புவதுகூடத் தண்டனை. நாலு மாதத் தற்காலிக வேலை கிடைத்தால் தெரிவிக்க வேண்டும், தெரிவித்தால் படி நிற்கும். வேலை போனபின் மறுபடி வரிசை. அதனால் யாரும் தெரிவிப்பதில்லை. துண்டு துண்டான வேலைதான் எங்கள் வாழ்க்கை என்பதைப் பதிவுசெய்ய அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நூறுநாள் சட்டத்தின் இடத்தில் வேறொரு சட்டத்தை வைத்தது. 125 நாள் வேலை என்கிறது. கூடவே, விதைப்பும் அறுப்பும் மும்முரமாக இருக்கும் காலத்தில் வருஷத்துக்கு 60 நாள் வேலை நடக்காது என்றும் சொல்கிறது. காவிரிப் பாசனத்தை மனதில் வைத்து எழுதியதுபோல இருக்கிறது. திருச்சுழிப் பக்கம் விதைப்பு ஐப்பசியில். ஐப்பசியில் மழை பொய்த்தால் விதைப்பும் கிடையாது, கண்மாய் வேலையும் கிடையாது. அந்த 60 நாளில் கரிமூட்டத்துக்குப் போகிறவர்களின் பெயரை யார், எந்த ஏட்டில் எழுதப்போகிறார்கள்?