அம்மைப்பாலும் இன்புளுவன்சாவும்

கொரோனாக் காலத்தில் கோப்பாய் தேசிய கல்வியியற் கல்லூரி சிகிச்சை நிலையமானதை ஊர் இன்னும் மறக்கவில்லை. அதற்கு நூறாண்டு முன்பு வந்துபோன இன்புளுவன்சாவைப் பற்றிய பேச்சோ அரிது. 1918-19இல் அது இலங்கையில் 3 இலட்சத்து 7 ஆயிரம் பேரை, சனத்தொகையில் 6.7 வீதத்தினரை, பலிகொண்டதாக 2014இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிடுகிறது. அம்மாள் வருத்தம் என்று யாழ் குடாநாடு அஞ்சிய பெரியம்மை இன்று உலகிலேயே இல்லை. வெறும் தடிமன் காய்ச்சல் என்று நாம் ஒதுக்கும் இன்புளுவன்சா திரும்பத் திரும்ப வருகிறது. அரசின் கண்டிப்பும் 1886ஆம் ஆண்டின் தடுப்பூசிச் சட்டமும் மட்டும் இந்த வேறுபாட்டை விளக்கிவிடாது என்றே நினைக்கிறேன்.

1802 யூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்தால் என்ற மூன்று வயதுக் குழந்தையின் கையில், பெரியம்மைக்கு எதிராகக் குத்தும் அம்மைப்பால் பிடித்தது; அதே ஆண்டில் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலம். ஒரு குழந்தையின் கையில் எட்டாம் நாளளவில் திரண்ட கொப்புளத்தைக் கீறி, கசியும் நீரை அடுத்த குழந்தையின் கையில் குத்துவார்கள். அப்படிக் கைமாறி வந்த பாலின் வீரியம் ஒரே சீராக இருந்திருக்க முடியாது. ஆனாலும் அது வென்றது. பெரியம்மை வைரசுக்கு மனிதரை விட்டால் வேறு புகலிடம் இல்லை, உருவமும் அதிகம் மாறாது. அதன் உறவு வைரசு ஒன்றைக் கொண்டே அதை முழுவதும் தடுக்க முடிந்தது. இன்புளுவன்சாவோ பறவையிலும் பன்றியிலும் வாழ்கிறது. மேற்புறப் புரதத்தின் தலைப்பகுதியை ஓயாமல் மாற்றுகிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் வட, தென் அரைக்கோளங்களுக்கென ஆண்டுக்கு இருமுறை ஊசியில் சேரவேண்டிய வகைகளைத் தெரிவுசெய்கிறது. ஆண்டு முழுவதும் காய்ச்சல் உலவும் நம் பகுதி அந்த அட்டவணைக்குள் சரியாக அடங்குவதில்லை.

அந்தப் புரதத்தின் தண்டு அவ்வளவாக மாறுவதில்லை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் தண்டை மட்டும் பிரித்து, இரும்பைச் சேமிக்கும் பெரிட்டின் என்ற புரதத்தில் பதித்தார்கள். பெரிட்டினின் 24 கூறுகள் தாமே கூடி நுண்ணிய உருண்டையாகும்; அதன்மேல் எட்டுத் தண்டுகள் நீட்டிக்கொண்டு நிற்கும். 2023இல் வெளியான முதற்கட்ட மனிதப் பரிசோதனையில், அதே இன்புளுவன்சாக் குழுவைச் சேர்ந்த வேறு வகைகளையும் தாக்கும் பிறபொருளெதிரிகள் உருவாகின. சிறிய பரிசோதனை, பிறபொருளெதிரி உண்டாவது நோய் தடைப்பட்டதற்குச் சான்றாகாது என்பார்கள், அது சரியே. பெரியம்மைக்கும் மீண்டும் குத்தவேண்டி வந்ததே என்பது இன்னொரு மறுப்பு. வந்ததுதான், காப்பு காலப்போக்கில் குறைந்தது. ஆனால் மீண்டும் குத்தியது அதே பாலைத்தான். அடுத்த பருவத்தில் எந்த வகை வரும் என்று எவரும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. வாழ்நாள் காப்பு கிடைக்காமற் போனாலும் அப்படி ஊகம் தேவைப்படாத ஊசி ஒன்று கிடைத்தால், இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இன்றுவரை இன்புளுவன்சா ஊசி இல்லாத இந்த நாட்டில், கோப்பாய் மருத்துவமனையும் எந்த மாதத்திலும் அதைப் போடலாம்.