குழந்தைக்கு அடிக்கடி நெஞ்சுச் சளியா? புரையேறுதலும் காரணமாக இருக்கலாம்

சாப்பிடும்போது புரையேறினால், யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவோம். எப்போதாவது ஒருமுறை என்றால் அதோடு முடிந்துவிடும். ஆனால் பாலோ உணவோ எச்சிலோ திரும்பத் திரும்ப மூச்சுக்குழாய்க்குள் போனால் குழந்தையின் நுரையீரல் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

இதில் பெற்றோர் முக்கியமாக அறிய வேண்டியது, சில குழந்தைகளுக்குப் புரையேறினாலும் இருமல் வராது என்பதுதான். அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. சளி என்று நினைத்து மாதாமாதம் மருந்து மட்டும் கொடுத்துக்கொண்டிருப்போம்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:

* பால் குடித்தபின் குரலோ மூச்சோ கரகரவென ஈரமாகக் கேட்பது
* குடிக்கும்போது கண்ணில் நீர் வருவது, முகம் நீலம் பாய்வது
* ஒரு வேளை உணவுக்கு அரை மணி நேரத்துக்கும் மேல் ஆவது
* அடிக்கடி நிமோனியா வருவது, எடை ஏறாமல் இருப்பது

குறைப்பிரசவம், மூளைவாதம், டவுன் சிண்ட்ரோம், அண்ணப்பிளவு உள்ள குழந்தைகளிடம் கூடுதல் கவனம் தேவை. குரல்வளையில் பிறவிப் பிளவு, உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் இடையே துவாரம், உணவு எதுக்களித்தல் ஆகியவையும் காரணமாகலாம்.

காரணங்கள் இப்படிப் பல உறுப்புகளில் இருப்பதால் ஒரே மருத்துவரால் எல்லாவற்றையும் கண்டறிவது கடினம். நுரையீரல், காது மூக்கு தொண்டை, இரைப்பை குடல் மருத்துவர்களும், விழுங்கும் பயிற்சி தரும் பேச்சுப் பயிற்சியாளரும், உணவியல் நிபுணரும் கலந்து பேசி முடிவெடுப்பதே நல்லது. பேரியம் கலந்த உணவைக் கொடுத்து, விழுங்குவதை எக்ஸ்ரே வீடியோவாகப் பார்ப்பது முக்கியமான பரிசோதனை. மூக்கு வழியே மெல்லிய கேமராக் குழாயைச் செலுத்தியும் பார்ப்பார்கள். குரல்வளைப் பிளவு இருக்கிறதா என அறிய மயக்க மருந்து கொடுத்துச் சோதிக்க வேண்டும்.

சிகிச்சை காரணத்தைப் பொறுத்தது. பலருக்குப் பாலூட்டும் நிலை, வேகம், பாட்டில் காம்பு ஆகியவற்றை மாற்றினாலே பலன் கிடைக்கும். சிலருக்கு உணவைக் கெட்டியாக்குவார்கள். இதை நாமாகச் செய்யக் கூடாது. குறைப்பிரசவக் குழந்தைகள் சிலருக்குக் கடுமையான குடல் பாதிப்பு ஏற்பட்டதால், 2011இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், அவர்களுக்கு அப்படியொரு பொருளைக் கொடுக்க வேண்டாம் என எச்சரித்தது. வாய்வழி உணவு பாதுகாப்பில்லை என்றால் மூக்கு வழியாகவோ வயிற்றில் நேரடியாகவோ குழாய் வைப்பார்கள். பிளவு, துவாரம் போன்றவற்றுக்கு அறுவை சிகிச்சை உண்டு.

நம் வீடுகளில் குளிப்பாட்டும்போது குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவதையும், அழும் குழந்தையின் வாயில் விளக்கெண்ணெய் புகட்டுவதையும் கைவிட வேண்டும். எண்ணெய் இருமலைத் தூண்டாமலே நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். படுத்த நிலையில் சங்கிலோ பாலாடையிலோ பால் ஊற்றுவதும் ஆபத்து.

மருத்துவரிடம் போகும்போது, குழந்தை பால் குடிப்பதைக் கைபேசியில் வீடியோ எடுத்துச் செல்லுங்கள். பழைய எக்ஸ்ரேக்களையும் மருந்துச் சீட்டுகளையும் கொண்டு போங்கள். "விழுங்குவதைப் பரிசோதிக்க வேண்டுமா?" என்று நீங்களே கேளுங்கள். மூச்சுத் திணறலோ நீலம் பாய்வதோ இருந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.